பால்பல்லு சூத்தையாப் போச்சு, பிடுங்கிறதா காப்பாத்துறதா?

இந்த மாசம் வந்த கடிதங்களில பாதிக்கு மேல சின்னப் பிள்ளையளின்ர பால்பல்லைப் பற்றித்தான். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எண்டு எல்லாப் பக்கத்தாலயும் வந்திருக்கு. முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம், ஏனெண்டா மற்றக் கன பேரின்ர கேள்வியும் அதுக்குள்ளயே கிடக்கு. ஆறுதலா வாசியுங்கோ.

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 4 வயசில ஒரு மகள் இருக்கிறா. மேல முன்பல்லு நாலும் மண்ணிறமாகி ஓரம் உதிர்ந்துபோய் நிக்குது, கீழ்க் கொடுப்புப் பல்லிலயும் ரெண்டு பக்கமும் ஓட்டை. சோறு போய் இறுகினா அழுவா, எடுத்துவிட்டா சரியாகிடும். ஒரு இடத்தில காட்ட எல்லாத்தையும் பிடுங்கோணும் எண்டு சொல்லிச்சினம், இன்னொரு இடத்தில உது விழுற பல்லுத்தானே, விடுங்கோ எண்டிச்சினம். மாமியும் அதைத்தான் சொல்லுறா. உக்கின பால்பல்லைத் திருப்பிக் கட்ட ஏலாதோ? – ஒரு தாய், விசுவமடு

பதில்: ஏலும் தங்கச்சி. பிடுங்கிறது, விடுறது எண்ட ரெண்டுக்கும் நடுவில கன வழி இருக்கு, அதை ஒருத்தரும் உங்களை இருத்தி வைச்சு விளங்கப்படுத்தேல்லை எண்டதுதான் எனக்குக் கவலை.

மாமி சொல்லுறது அரைவாசி சரி. முன்பல்லு 6 – 8 வயசில விழும். ஆனா கொடுப்புப் பல்லு அப்பிடியில்லை, முதலாவது கொடுப்பு 9 – 11 வயசு வரைக்கும், ரெண்டாவது 10 – 12 வயசு வரைக்கும் வாயில நிக்கோணும். உங்கட மகளுக்கு இப்பதான் 4, அப்ப இன்னும் அஞ்சு தொடக்கம் எட்டு வருசத்துக்கு அந்தப் பல்லாலதான் அவ சாப்பிடோணும், பள்ளிக்கூடம் போகோணும், இரவு நித்திரை கொள்ளோணும். பால்பல்லின்ர எனாமல், அதாவது பல்லின்ர மேலோடு, பெரிய ஆக்களின்ர பல்லை விட மெல்லிசு, உள்ள நரம்பு இருக்கிற அறையோ பல்லின்ர அளவுக்குப் பாத்தா பெரிசு, அதால ஓட்டை ஒருக்கா விழுந்திட்டா நரம்பைத் தொட மாசக்கணக்கே காணும். நரம்பு செத்து வேரடியில சீழ் கட்டினா அதுக்குக் கீழ வளர்ந்துகொண்டிருக்கிற நிரந்தரப் பல்லின்ர எனாமலும் பழுதாகலாம், பேந்து அந்தப் பல்லு முளைக்கேக்கையே மஞ்சளோ மண்ணிறமோ பிடிச்சு, மேல் குழி விழுந்துதான் வரும். இன்னொண்டு, ரெண்டாவது கொடுப்பை வேளைக்கே பிடுங்கிவிட்டா 6 வயசில அதுக்குப் பின்னால வாற பெரிய பல்லு, கதியால் பேந்த வேலி மாதிரி, முன்னுக்குச் சரிஞ்சு அந்த இடத்தைப் பிடிச்சுப்போடும். அடியில நிக்கிற பல்லுக்கு வர இடமில்லாமல் அது கோணலா வரும், இல்லாட்டி முரசுக்குள்ளயே கிடந்துபோகும்.

இப்ப உங்கட கடிதத்தில நான் முதல் தேடினது ஒரு வசனத்தைத்தான், "எடுத்துவிட்டா சரியாகிடும்" எண்டது. அது நல்ல அறிகுறி. சாப்பாடு இறுகேக்க, இனிப்புப் படேக்க மட்டும் நொந்து, அது எடுபட்டவுடன நோவும் நிண்டா நரம்பு இன்னும் உயிரோட இருக்கிற வாய்ப்புக் கூட. ஒண்டும் சாப்பிடாமலே தன்பாட்டில நொந்து, நடுச்சாமத்தில பிள்ளை எழும்பி அழுதா கதை வேற. பல்லுக்குப் பக்கத்தில முரசில ஒரு சின்னக் கொப்புளம், பரு மாதிரி வந்து உடைஞ்சு திரும்பத் திரும்ப வந்தாலும் கதை வேற. டொக்டரிட்டப் போகேக்க இந்த ரெண்டையும் நீங்களாவே சொல்லுங்கோ, அவை கேக்கும் வரைக்கும் நிக்கவேண்டாம், எந்த வைத்தியம் எண்டு முடிவெடுக்கிறது பெரும்பாலும் இதிலதான் தங்கியிருக்கு. எக்ஸ்ரே படமும் எடுத்துப் பாப்பினம், சின்னப் படம், பயப்பட ஒண்டுமில்லை.

நரம்பு உயிரோட இருக்கிற கொடுப்புப் பல்லுக்கு நான் கூட விரும்புறது ஸ்டீல் மூடி. பெரிய ஓட்டையைச் சும்மா அடைச்சு விட்டா, அதுவும் ரெண்டு பல்லுக்கு நடுவில விழுந்த ஓட்டை எண்டா, அடைப்புக் கழண்டு கழண்டு வரும், தாயும் பிள்ளையும் பஸ் ஏறி ஏறிக் களைச்சுப்போவினம். மூடி எண்டா முழுப் பல்லையும் மூடிப்போடும். அதை ஊசியும் இல்லாமல், மெசினால பல்லைக் கிண்டாமலும் போடுற ஒரு முறை இருக்கு, ஸ்கொட்லாந்தில நோர்னா ஹோல் எண்ட ஒரு பல் டொக்டர் தன்ர கிளினிக்கில வருசக்கணக்காச் செய்துவந்தவ, அதால அதுக்கு ஹோல் முறை எண்டே பேர். எப்பிடிச் செய்யிறது எண்டா, பல்லுகள் இறுக்கமா நிண்டா மூண்டு நாலு நாளைக்கு முன்னம் பல்லுக்கு நடுவில சின்ன ரப்பர் வளையம் ஒண்டைச் செருகி விடுவினம், அது மெல்லமா இடைவெளி எடுத்துக் குடுக்கும். பேந்து வரேக்க வளையத்தை எடுத்துப்போட்டு, அளவான மூடியைத் தெரிஞ்சு, உள்ளுக்குக் கிளாஸ் அயனோமர் எண்ட பசையை நிரப்பி, பல்லுக்கு மேல வைச்சு டொக்டர் விரலால அமத்துவார், பிறகு பஞ்சை வைச்சுப் பிள்ளையையே "நல்லா இறுக்கிக் கடி" எண்டு சொல்லுவினம். பிள்ளை கடிக்க அந்தக் கடியிலயே மூடி "டக்" எண்டு இறங்கி இருந்திடும். ஓரத்தால பிதுங்கிற பசையைத் துடைச்சு, நடுவால நூல் விட்டுச் சுத்தம் பண்ணினாச் சரி. பசை கொஞ்சம் புளிச்ச மாதிரி இருக்கும், அதுக்குத்தான் பிள்ளையள் முகம் சுளிக்கிறவை.

உள்ள சூத்தையை விட்டிட்டு மூடினா அது தின்னாதோ எண்டு கேப்பீங்கள், எல்லாரும் கேக்கிறதுதான். சூத்தைக் கிருமிக்குச் சாப்பாடு வெளியால வாற சீனியும் மாவும். காத்துப் போகாமல் அடைச்சு மூடினா அதுக்குத் தீன் இல்லை, சூத்தை அந்தளவில நிண்டிடும். இதைச் சும்மா நம்பிக்கையில சொல்லேல்லை. ஸ்கொட்லாந்தில 132 பிள்ளையளை எடுத்து ஒரு பக்கப் பல்லுக்கு இந்த மூடியும் மற்றப் பக்கத்துக்கு வழமையான அடைப்பும் போட்டுப் பாத்தவை. 5 வருசத்துக்குப் பிறகு நோ, சீழ் மாதிரிப் பெரிய பிரச்சினை வந்தது மூடி போட்ட பல்லில 100க்கு 3, மற்றதில 100க்கு 16க்கு மேல.

சூத்தை நரம்பு வரைக்கும் போய், ஆனா சீழ் கட்டேல்லை எண்டா, விறைக்க ஊசி போட்டு மேல் அறையில இருக்கிற நரம்பை மட்டும் எடுத்து, மருந்து வைச்சு, வேருக்குள்ள இருக்கிறதை உயிரோட விட்டிட்டு மூடி போடலாம், இது பல்பொட்டமி. முழு நரம்பும் செத்திருந்தா வேர்க்குழாயையும் சுத்தமாக்கி, பால்பல்லோட சேர்ந்து கரைஞ்சுபோற மருந்தால நிரப்புறது இருக்கு. வேர் உக்கி, பல்லு ஆடி, சீழ் அடிக்கடி வந்துகொண்டிருந்தா அப்ப பிடுங்கிறதுதான் நல்லது, அதில பிடிவாதம் பிடிக்கவேண்டாம், ஆனா ரெண்டாவது கொடுப்பெண்டா இடம் பிடிச்சு வைக்கிற கம்பி வளையம் போடலாமோ எண்டு கட்டாயம் கேளுங்கோ.

முன்பல்லுக்கு வருவம். பல்லின்ர உடம்பு ஓரளவுக்கு மிஞ்சி இருந்தா, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு சின்னக் கோதுக்குள்ள பல்லு நிறத்தில இருக்கிற கொம்போசிட் எண்ட அடைப்புப் பசையை நிரப்பி, பல்லில வைச்சு, லைற் அடிச்சு இறுக்கிப்போட்டு, கோதை உரிச்சு எடுத்தா வடிவான வெள்ளைப் பல்லு வரும். ஆனா அதுக்குப் பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கோணும், ஈரம் படக்கூடாது. முரசு மட்டத்துக்கு உடைஞ்சுபோன பல்லில அது நிக்காது. உங்கட மகளுக்கு முன்பல்லில சீழ் இல்லை, நோ இல்லை எண்டா சூத்தையை நிப்பாட்டுற மருந்து (அடுத்த பதிலில சொல்லுறன்) பூசிப்போட்டு விழும் வரைக்கும் வைச்சிருக்கலாம். சீழ் வந்து பிடுங்க வேண்டி வந்தாலும் மனம் உடையவேண்டாம், வேட்டைப்பல்லு வந்த பிறகு முன்பக்கத்தில இடம் பெரிசா மூடாது, கதையும் திருத்தமா வரும். நான் முழு மூச்சா நிண்டு காப்பாத்தச் சொல்லுறது கொடுப்பைத்தான்.

பணத்துக்குப் பயந்து இருந்துவிடாதேங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரிகளில பல் கிளினிக் இருக்கு, காசில்லை. முதல் நாள் போய்ப் பிள்ளைக்கு ஸ்டீல் மூடி போடுற வசதி இருக்கோ, இல்லாட்டி எங்க அனுப்புவீங்கள் எண்டு நேரவே கேளுங்கோ. மூடி கிடைக்கும் வரைக்கும் ஓட்டையைக் கிளாஸ் அயனோமரால அடைச்சு விட்டாலே சோறு இறுகிறது நிண்டிடும்.

கேள்வி: என்ர மகனுக்கு ரெண்டரை வயசு. எட்டுப் பல்லு மட்டில பழுது. வாயைத் திறக்கவே மாட்டான், கதிரையைக் கண்டாலே கத்துறான். மயக்கித்தான் செய்யோணும் எண்டினம். நான் கடலுக்குப் போறனான், மனிசி தனிய, எங்களுக்கு மயக்கம் எண்டதும் பயமாக் கிடக்கு. – ஒரு தகப்பன், முல்லைத்தீவு

பதில்: தம்பி, ரெண்டரை வயசுப் பிள்ளை கத்துறது வருத்தமில்லை, வயசு. அந்த வயசில கதிரையில இருத்தவே தேவையில்லை. தாயும் டொக்டரும் முழங்காலோட முழங்கால் முட்ட எதிர் எதிரா இருந்து, பிள்ளையின்ர கால் தாயின்ர இடுப்புப் பக்கம், தலை டொக்டரின்ர மடியில இருக்கிறமாதிரிக் கிடத்தினா வாய் வடிவாத் தெரியும், பிள்ளைக்குத் தாயின்ர முகமும் தெரியும். ஒரு நிமிசத்தில பாத்து முடிக்கலாம்.

மயக்கத்துக்கு முன்னம் கேக்கவேண்டிய ஒரு மருந்து இருக்கு, சில்வர் டயமின் புளோரைட். பல்லை ஈரம் எடுத்து, சின்னப் பிரசால சூத்தையில தொட்டு ஒரு நிமிசம் வைக்கிறது, அவ்வளவுதான். ஊசியில்லை, மெசின் இல்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும், புளோரைட் மெத்தையாப்போன பல்லை இறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021ல இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில சேர்த்தது. முன்னமே சொல்லிப்போடுறன், சூத்தை இருந்த இடம் நல்ல கறுப்பா மாறும், அது திரும்ப வெள்ளையாகாது. முன்பல்லு கறுத்தா சனம் கேக்கும். கறுத்து இறுகின பல்லு நோகாமல் நிக்கும், ரெண்டு வருசத்தால பிள்ளை வளர்ந்து சொல்லுக் கேக்கிற வயசில அதுக்கு மேல வடிவா அடைக்கலாம். நான் எண்டா கறுப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுவன். ஒருக்காப் பூசினாக் காணாது, ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டிப் பூசோணும். சீழ் கட்டின பல்லுக்கு, தன்பாட்டில நோகிற பல்லுக்கு இது சரிவராது.

அப்பிடிக் கன பல்லில நோவும் சீழும் இருந்தா மயக்கி, ஒரே நாளில எல்லாத்தையும் செய்து முடிக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லது. பேராதனைப் பல் வைத்தியசாலை, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலை மாதிரிப் பெரிய இடங்களுக்கு அனுப்புவினம். மயக்க டொக்டர் முன்னமே பிள்ளையைச் சோதிப்பார், தடிமன் இருமல், இழுப்பு இருந்தா மறைக்காமல் சொல்லோணும், எத்தினை மணியில இருந்து பால், சாப்பாடு குடுக்கக்கூடாது எண்டு சொல்லுறதை ஒரு மிடறும் பிசகாமல் கேக்கோணும். அந்த நேரத்தில "பாவம் பசிக்குது" எண்டு ஒரு பிஸ்கட் குடுத்தா மயக்கத்தில சத்தி எடுத்துச் சுவாசத்துக்குள்ள போயிடும், அதுதான் ஆபத்து. நீங்களும் அந்தக் கிழமை கடலுக்குப் போகாமல் கூட நில்லுங்கோ, ரெண்டு பேர் வேணும்.

கேள்வி: பேத்திக்கு ஸ்டீல் மூடி போட்டு நாலு நாள். பல்லு முட்டி வாய் முழுசா மூடுதில்லை எண்டுறாள். அந்த மூடியோட பல்லு எப்பிடி விழும்? – ஒரு அம்மம்மா, மல்லாவி

பதில்: அம்மா, ரெண்டுக்கும் பயப்படவேண்டாம். மூடி போட்ட புதுசில கடி உயர்ந்துதான் இருக்கும், ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள தானா இறங்கிச் சரிவரும், அதுவரைக்கும் சோத்தைக் குழைச்சுக் குடுங்கோ, ஒட்டுற ரொபி, தொதல் வேண்டாம். முரசு வெளிறின மாதிரி இருந்ததும் மாறும். விழுற வயசில அடிப்பல்லு தள்ளத் தள்ள வேர் கரைஞ்சு மூடியோட சேர்ந்தே விழும், ஒருத்தரும் கழட்டத் தேவையில்லை.

கேள்வி: 5 வயசு மகனுக்கு நேற்றில இருந்து கன்னம் வீங்கியிருக்கு. முந்தி ஒருக்கா இப்பிடி வந்து பார்மசியில அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடுக்க வத்தினது. இந்த முறையும் அதைக் குடுக்கலாமா? கராம்பு எண்ணெயும் பூசினனான். – புதுக்குடியிருப்பு

பதில்: இது இதழில வரும் வரைக்கும் வைச்சிருக்கிற கேள்வியில்லை, அதால உடனயே பதில் அனுப்பினனான், மற்ற ஆக்களுக்காக இஞ்சயும் போடுறன். மருந்தால வீக்கம் வத்தும், ஆனா சீழ் வாற இடம் செத்த நரம்பு, அது பல்லுக்குள்ள அப்பிடியே கிடக்கும், அதால திரும்பி வரும். பல்லைத் திறந்து சீழை வடிய விடோணும், இல்லாட்டிப் பல்லை எடுக்கோணும். மிஞ்சின மருந்து, அண்ணனுக்கு எழுதின மருந்து, அளவு தெரியாத பாணி, ஒண்டும் குடுக்கவேண்டாம். வீக்கம் கண்ணுக்குக் கிட்டப் போனா, தாடைக்குக் கீழ இறங்கினா, வாய் திறக்கக் கஷ்டப்பட்டா, விழுங்க ஏலாமல் எச்சில் வடிஞ்சா, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டா, காய்ச்சலோட பிள்ளை சோர்ந்தா, அது பல் கிளினிக் நாளைப் பாத்து நிக்கிற விசயமில்லை, இரவெண்டாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. நோவுக்குப் பரசிட்டமோல் குடுக்கலாம், வயசைப் பாக்காமல் நிறையைப் பாத்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. அஸ்பிரின் பிள்ளையளுக்குக் கூடவே கூடாது. கராம்பு எண்ணெய் சின்னப் பிள்ளையின்ர முரசையும் நாக்கையும் புண்ணாக்கும், அதை விடுங்கோ.

கேள்வி: எங்கட ஊர்க் கிணத்தில புளோரைட் கூட எண்டுறாங்கள். அதாலதான் பிள்ளையளின்ர பால்பல்லு உக்குதோ? பேஸ்ட் பாவிக்கலாமோ? – செட்டிகுளம்

பதில்: வவுனியாப் பக்கம் சில கிணறுகளில கூடத்தான், உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி ஒரு லீற்றரில 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. ஆனா அதால வாறது வேற, பல்லு முளைக்கேக்கையே வெள்ளைக் கோடு, மண்ணிறப் புள்ளி இருக்கும், கூடுதலா நிரந்தரப் பல்லில. பால்பல்லு வெள்ளையா முளைச்சு, பிறகு முரசோரத்தில இருந்து உக்கிக்கொண்டு வந்தா அது சீனியும் துப்பரவும் சம்பந்தப்பட்ட சூத்தை. பேஸ்டை நிப்பாட்டாதேங்கோ, அளவைக் குறையுங்கோ, 3 வயசுக்குள்ள ஒரு அரிசியளவு, 3 – 6 வயசுக்கு ஒரு பட்டாணியளவு, துப்பப் பழக்கி. தண்ணியைக் கொதிக்க வைச்சாப் புளோரைட் போகாது. குடிக்கவும் பால் கரைக்கவும் ஆர்ஓ மெசினால வடிகட்டின தண்ணி எடுக்க ஏலுமெண்டா எடுங்கோ.

கேள்வி: மூத்தவளின்ர பல்லெல்லாம் போச்சு. இப்ப கைக்குழந்தை, 8 மாசம், ரெண்டு பல்லு. இவனுக்கும் அப்பிடி வராமல் என்ன செய்யலாம்? நான் வேலைக்குப் போறனான், அப்பம்மாதான் பாக்கிறவ. – ஒட்டுசுட்டான்

பதில்: முதல் பல்லு வந்த அண்டையில இருந்தே பிரஸ் தொடங்குங்கோ, 1000 பிபிஎம் அளவில புளோரைட் இருக்கிற பேஸ்ட், சும்மா தடவின அளவு, காலமை ஒருக்கா, படுக்க முதல் ஒருக்கா. இரவில தீட்டுறதுதான் முக்கியம், நித்திரையில உமிழ்நீர் குறைவு, பல்லுக்குக் காவல் இல்லை. 7, 8 வயசு வரைக்கும் தீட்டிவிடுறது பெரிய ஆக்களின்ர வேலை.

வாயில சூப்பிப் போத்தலோட நித்திரையாக்கிறதுதான் நான் காணுற பெரிய காரணம், பால்மாவோ, அதுக்குள்ள சீனியோ, தேத்தண்ணியோ. மேல் முன்பல்லைச் சுத்திப் பால் தேங்கி நிக்கும், கீழ் முன்பல்லை நாக்கு மூடிக் காக்கும், அதாலதான் மேல்பல்லு முதல் போறது. தாய்ப்பாலை நிப்பாட்டச் சொல்லேல்லை, 2 வயசு வரைக்கும் குடுங்கோ. ஒரு வயசுக்குப் பிறகு இரவு முழுக்க வாயில வைச்சபடி கிடக்கிறதை மட்டும் மெல்லமாக் குறையுங்கோ. அப்பம்மாவோட கோவிக்காமல் கதையுங்கோ, அவ அன்பிலதான் பிளேன்ரீயில பிஸ்கட்டைத் தோச்சுக் குடுக்கிறா. பனங்கட்டி நல்லதெண்டு சொல்லுவா, பல்லுக்கு அதுவும் சீனிதான். இனிப்பைக் குடுக்கிறதெண்டா சாப்பாட்டோட சேர்த்து ஒரே நேரத்தில குடுத்து முடிக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்கத்தான் கூடாது. நடுவில விளாம்பழம், வாழைப்பழம், அவிச்ச கச்சான், பிள்ளையின்ர வயசுக்கு ஏற்றதாக் குடுக்கலாம், கச்சான் 4, 5 வயசுக்குப் பிறகு, சின்னதுக்குத் தொண்டையில போயிடும்.

மாசத்துக்கு ஒருக்கா மேல் உதட்டைத் தூக்கி வெளிச்சத்தில பாருங்கோ. முரசோரத்தில சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கின வெள்ளைக் கோடு தெரிஞ்சா அதுதான் சூத்தையின்ர தொடக்கம், ஓட்டை இன்னும் விழேல்லை, அந்த நேரத்தில கொண்டுபோனா புளோரைட் வாணிஷ் பூசி நிப்பாட்டலாம். மிட்வைஃப் வரேக்க அவவிட்டயும் காட்டுங்கோ. 3 வயசு தாண்டினா பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பல் கிளினிக்கிலயும் பாப்பினம்.

கேள்வி: மகனுக்கு ஆறரை வயசு. கடைசிக் கொடுப்புப் பல்லில கறுப்புக் குழி. பால்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும் எண்டு விட்டிருக்கிறம். சரிதானே? – அக்கராயன்

பதில்: இல்லைத் தம்பி, அது விழாது. 6 வயசில பால்கொடுப்புக்குப் பின்னால ஒரு பல்லும் விழாமலே சத்தமில்லாமல் முளைக்கிற பல்லு அது, சாகும் வரைக்கும் அதுதான். ரோச் அடிச்சு எண்ணிப் பாருங்கோ, வேட்டைப்பல்லை விட்டிட்டு அதுக்குப் பின்னால மூண்டாவது எண்டா அதுவேதான். இந்தக் கிழமையே கொண்டுபோய் அடையுங்கோ, மற்ற மூண்டு மூலையிலயும் அதே பல்லு வந்திருந்தா குழி விழமுதல் சீலன்ட் எண்ட காப்புப் பூச்சுப் போடச் சொல்லிக் கேளுங்கோ.